பேசலாம், குதிக்கக் கூடாது!

"டேய், சத்தம் போடாதீங்கடா! மீனு ஓடிப்போயிரும்."

தேனி மாவட்டத்தில் எந்தக் கண்மாய்க் கரைக்குப் போனாலும் இந்த அதட்டல் காதில் விழும். தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு தாத்தாவோ மாமாவோ சொல்வார். அல்லிநகரத்து மீறுசமுத்திரம் கண்மாய், போடிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம் கண்மாய், கம்பத்து வீரப்பநாயக்கன்குளம் என்று நம் பள்ளத்தாக்கின் நீர்நிலைகள் பலவும் ஊரை ஒட்டியே இருப்பவை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கரையில் கூடுவதும் பெரியவர்கள் அதட்டுவதும் அங்கே வழக்கம்தான்.

தாத்தா சொல்வது சரியா?

பாதி சரி. நீங்கள் கரையில் நின்று பேசினால் மீனுக்கு ஏறக்குறைய எதுவும் கேட்காது. ஆனால் அதே கரையில் 'தொம்'மென்று ஒரு குதி குதித்தால் மீன் உடனே தெரிந்துகொள்ளும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீச்சல் தெரிந்தவர்கள் பெரியவர்களோடு கிணற்றில் குளிக்கும்போது தண்ணீருக்குள் முங்கி, மேலே இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று புரியாது. பிறகு இரண்டு கற்களைத் தண்ணீருக்குள்ளேயே தட்டச் சொல்லுங்கள். காதுக்குப் பக்கத்திலேயே தட்டுவதுபோல் கேட்கும்.

காற்றும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர் போகும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் ஒலி உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறது. காற்றில் வரும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் போகிறது. உங்கள் பேச்சின் பெரும்பகுதி கண்மாயின் மேற்பரப்பில் மோதி வானத்தை நோக்கித் திரும்பிப் போகிறது.

காலடி வேறு விஷயம். நீங்கள் குதிக்கும்போது கரை மண் அதிர்கிறது. அந்த அதிர்வு ஈர மண் வழியாக நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. நடுவில் காற்று இல்லாததால் அதைத் திருப்பி அனுப்ப ஏதுமில்லை. ஆகவே தூண்டில் போடப் போகிறவர்கள் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். நடக்கும்போதுதான் மெதுவாக நடக்க வேண்டும்.

சரி, அந்த அதிர்வை மீன் எதைக்கொண்டு உணர்கிறது? மீனுக்கு வெளியே தெரிகிற காது கிடையாது. தலைக்குள்ளே உள்காது உண்டு. அது போக, மீனுக்கென்றே ஒரு தனிப் புலன் இருக்கிறது. அதைப் பார்க்க ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை வீட்டுக்கு மீன் வாங்கி வரும்போது, அம்மா செதில் உரசுவதற்கு முன்னால் கேட்டு வாங்கிப் பாருங்கள். செவுள் மூடியின் பக்கத்தில் தொடங்கி வால் வரைக்கும், உடம்பின் பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடும். பக்கக்கோடு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளை. துளைகளுக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயும் அதற்குள் நுண்ணிய மயிர்கள் கொண்ட உணர்வுச் செல்களும் உள்ளன. பக்கத்தில் தண்ணீர் சிறிது அசைந்தாலும் அந்த மயிர்கள் சாயும், உடனே மூளைக்குச் செய்தி போகும். நம் உள்காதிலும் இதே வகையான மயிர்ச் செல்கள்தான் இருக்கின்றன. நாம் காதுக்குள் வைத்திருப்பதை மீன் உடம்பு நெடுகிலும் வைத்திருக்கிறது. கலங்கிய கண்மாய்த் தண்ணீரிலும் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதாமல் கூட்டமாகப் போக முடிவது இதனால்தான்.

இங்கே கவனிக்க ஒரு வேலை இருக்கிறது. ரோகு மீனில் பக்கக்கோடு ஒரே ஓட்டமாகப் போகும். ஜிலேபி மீனில் அப்படி இல்லை. முன்பாதியில் முதுகுப் பக்கமாக மேலே ஒரு துண்டு, பின்பாதியில் வாலை நோக்கிக் கீழே இன்னொரு துண்டு என்று கோடு இரண்டாக உடைந்திருக்கும். இரண்டு மீனையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

கெண்டை வகை மீன்கள் கேட்பதிலும் கெட்டிக்காரர்கள். மீனை அறுக்கும்போது வயிற்றுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு காற்றுப்பை வருமே, மீனை மிதக்கவும் அமிழவும் வைக்கிற பை, அது கெண்டையில் இரண்டு அறைகளாக இருக்கும். தண்ணீரில் ஒலி வந்தால் அந்தப் பை அதிரும். பைக்கும் உள்காதுக்கும் நடுவில் குட்டி எலும்புகள் சங்கிலியாக இணைந்து, அதிர்வைக் காதில் கொண்டு சேர்க்கின்றன. 1820ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை விவரித்தார். ஆகவே வெபர் எலும்புகள் என்று அழைக்கிறார்கள். கட்லா, ரோகு, மிர்கால், கெளுத்தி, நம் ஊர் அயிரை எல்லாவற்றுக்கும் இவை உண்டு. ஜிலேபிக்கும் விராலுக்கும் கிடையாது. ரோகு பிடிக்க உட்கார்ந்திருக்கிற தாத்தா, குதிக்கிற பிள்ளைகளை அதிகமாக அதட்டினால் அதில் நியாயம் இருக்கிறது!

இனி கண்ணுக்கு வருவோம். தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்குக் கரை எப்படித் தெரியும்? கிணற்றுக்குள் இருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு வானம் ஒரு வட்டமாகத் தெரிவதுபோல, மீனுக்கும் தலைக்கு மேலே ஒரு வட்டம்தான் வெளியுலகம். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால் கரை, மரம், மேற்கு மலை, நீங்கள் என்று சுற்றியுள்ள எல்லாமே அந்த வட்டத்துக்குள் நெருக்கி அடைக்கப்படுகின்றன. வட்டத்தின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை மீனின் கண்ணில் உண்டாகும் கோணம் சுமார் 97 பாகை. அதற்கு வெளியே மேற்பரப்பு கண்ணாடியாகி, கண்மாயின் அடித்தரையையே காட்டும். வட்டத்தின் விளிம்பில் இருப்பவை மிகவும் நசுங்கித் தெரியும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் வட்டத்துக்குள் உயரமாக எழுந்து தெரிவார். பின்னால் தள்ளிக் குந்தி உட்கார்ந்திருப்பவர் விளிம்போடு ஒட்டிப் போய்விடுவார். தூண்டில்காரர்கள் குந்தி உட்காருவது கால் வலிக்காக மட்டும் அல்ல.

நமக்கும் அதே ஒளி வளைவு குழப்பம் தரும். நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடியாகத் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். கண்மாயில் "முழங்கால் அளவு தண்ணிதான்" என்று இறங்கிவிடாதீர்கள். வண்டலும் கரம்பையும் அள்ளிய பள்ளங்கள் அடியில் இருக்கும். அவை கலங்கிய தண்ணீரில் தெரியவே தெரியாது. பெரியவர்கள் உடன் இல்லாமல் தண்ணீர் ஓரத்துக்கே போகக் கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

தூண்டிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தக்கை. கடையில் பளபளப்பாக பிளாஸ்டிக் தக்கை கிடைக்கிறது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் அடித்தண்டை நறுக்கித் தக்கை செய்வார்கள். சோளத்தட்டையின் நெட்டியிலும் செய்வார்கள். அது காசில்லாததால் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். மயிலிறகுத் தக்கை உண்மையிலேயே நுட்பமான ஒரு கருவி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தக்கையை 1 செ.மீ. கீழே அமிழ்த்த வேண்டுமென்றால், அந்த 1 செ.மீ. தண்டு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்த எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். இது ஆர்க்கிமிடிஸ் சொன்ன விதி. இறகுத் தண்டின் குறுக்களவு 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அது விலக்கும் தண்ணீர் சுமார் 0.13 கிராம். குறுக்களவு 2 செ.மீ. உள்ள தடித்த தக்கைக்கு அதே 1 செ.மீ. அமிழ 3.14 கிராம் வேண்டும். 25 மடங்கு! சின்னக் கெண்டை ஒன்று புழுவை லேசாக நுனியில் தொட்டால் தடித்த தக்கை அசையாமல் இருக்கும். மயிலிறகு உடனே தலையாட்டிவிடும். வாளித் தண்ணீரில் இரண்டு தக்கைகளையும் விட்டு, நூலின் முனையில் குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தக்கை கீழே போனால்தான் மீன் கடிக்கிறது என்று புதிதாகத் தூண்டில் போடுகிறவர்கள் நினைப்பார்கள். சில நேரம் தக்கை மேலே எழும்பி, தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அடியில் மேய்கிற மீன் இரையோடு சேர்த்து, நூலில் எடைக்காகக் கட்டியிருக்கும் ஈயக்குண்டையும் தூக்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். தக்கையைக் கீழே இழுத்துப் பிடித்திருந்த எடை போய்விட்டது, அதனால் எழுந்து படுக்கிறது. இதைக் கண்டு தூண்டிலை எடுக்கிறவர்தான் தேறியவர்.

இரையை எந்த ஆழத்தில் தொங்கவிடுவது? மீனின் வாயைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கட்லாவின் வாய் மேல் நோக்கித் திறக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரிகளை அது தின்கிறது. மிர்காலின் வாய் கீழ் நோக்கியிருக்கும், அடிச்சேற்றில் மேயும். ரோகு நடுவில். அதன் உதடு ஓரத்தில் குஞ்சம் வைத்ததுபோல் விளிம்பு இருக்கும். மூன்றும் ஒரே கண்மாயில் ஒன்றோடொன்று சண்டை போடாமல் வளர இதுவே காரணம். ஆகவேதான் மூன்றையும் சேர்த்தே விடுகிறார்கள். இந்த மூன்றுக்கும் தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது என்பதையும் விரலை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் (செத்த மீனில்தான்!). பல் தொண்டைக்குள் இருக்கிறது. உறிஞ்சி எடுத்த இரையைத் தொண்டையில் அரைக்கும். கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்பு முழுவதும் சுவை தெரியும். அதனால் இருட்டிலும் இரை தேடிவிடும்.

அயிரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தேனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். விரலளவுகூட இல்லாத இந்த மீன் மணலோடு இரையை அள்ளி, மணலைத் துப்பிவிட்டு இரையை மட்டும் விழுங்கும். வாங்கி வந்த அயிரையை உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? மணலில் மேய்கிற மீனுக்குத்தான் அந்த வேலை தேவைப்படுகிறது.

இப்போது ஒரு கேள்வி. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் வைகைக்கோ முல்லைப் பெரியாற்றுக்கோ சொந்தமானவை அல்ல. கங்கைச் சமவெளியின் ஆறுகளில் பிறந்தவை. பிறகு எப்படி நம் கண்மாய்க்கு வந்தன? இவை தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. மழைக்காலத்தில் ஆறு பெருகி ஓட வேண்டும், அப்போதுதான் முட்டையிடும். அந்தக் காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வலை வைத்துக் குஞ்சுகளை அள்ளி, எந்தக் குஞ்சு எந்த மீன் என்று தெரியாமலேயே குளத்தில் விட்டார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற இடத்தில், ஹீராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி என்ற விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை ஒரு மீனிலிருந்து எடுத்து, அதன் சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசியாகப் போட்டார்கள். ஆறும் வெள்ளமும் இல்லாமலேயே அந்த மீன் முட்டையிட்டது! இந்தியா முழுவதும் குளத்து மீன் வளர்ப்பு பெருகியதற்கு அந்த ஊசிதான் தொடக்கம். ஜூலை 10ஆம் தேதியை இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். நம் மாவட்டத்தில் வைகை அணையை ஒட்டி அரசின் மீன் விதைப் பண்ணை இருக்கிறது. கண்மாயில் விடுகிற விரல் நீளக் குஞ்சுகளுக்கு விரலிகள் என்று பெயர்.

ஜிலேபியின் கதை இதற்கு நேர் எதிர். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன் அது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஊசியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். ஆண் மீன் அடிச்சேற்றில் ஒரு குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, முட்டைகளை வாயில் அள்ளி வைத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்த பிறகும், ஆபத்து வந்தால் குஞ்சுகள் அம்மாவின் வாய்க்குள் ஓடி ஒளியும். தண்ணீர் வற்றி வெளியே தெரிகிற கண்மாய்த் தரையில் தட்டுத் தட்டாகக் குழிகளைப் பார்த்தால், அவை ஜிலேபியின் கூடுகளாக இருக்கலாம். இப்படிப் பாதுகாப்பாகப் பெருகுவதால்தான் குஞ்சு விடாத கண்மாயிலும் ஜிலேபி வந்து நிறைந்து, மற்ற மீன்களின் இரையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியால் இதைவிடப் பெரிய கேடு. கண்ணில் பட்ட மீனையெல்லாம் தின்னும். அதை வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. வீட்டு மீன் தொட்டியை மூடுகிறவர்கள் பாவம் பார்த்து அந்த மீன்களைக் கண்மாயில் கொண்டுபோய் விடுகிறார்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனும் இப்படித்தான் நீர்நிலைகளுக்குப் போகிறது. அது உதவி அல்ல, கண்மாய்க்குச் செய்கிற தீங்கு.

விடிகாலையில் கண்மாய்ப் பக்கம் போனால் சில நாள் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "இன்னைக்கு நல்ல வேட்டை" என்று சிலர் மகிழ்வார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அந்த மீன்களுக்கு மூச்சுத் திணறுகிறது.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். மீன் பிழைப்பதே இந்தச் சொற்பத்தில்தான். பகலில் பாசியும் நீர்ச்செடியும் வெயிலில் உணவு தயாரிக்கும்போது ஆக்சிஜனை வெளிவிடும். சாயங்காலம் தண்ணீரில் அது கூடுதலாக இருக்கும். இரவில் உணவு தயாரிப்பு நின்றுவிடும், மீனும் பாசியும் நுண்ணுயிரியும் மூச்சுவிடுவது மட்டும் நடக்கும். எனவே விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. வானம் மூட்டமாக இருந்த நாளுக்கு அடுத்த விடியலில் இன்னும் குறைவு.

இதோடு ஊர்ச் சாக்கடையும் கண்மாயில் சேர்ந்தால் என்ன ஆகும்? சாக்கடையில் உள்ள சத்துகளைத் தின்று பாசி பச்சைப் பசேலென்று பெருகும். ஆகாயத்தாமரை மேற்பரப்பை மூடி வெயிலையும் காற்றையும் மறைக்கும். செத்த பாசியை அழுக வைக்கும் நுண்ணுயிரிகள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். ஒரே இரவில் கரை முழுக்க மீன்கள் செத்து ஒதுங்கினால், யாரோ விஷம் கலந்தார்கள் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பும். பல நேரம் மூச்சுத் திணறலே காரணம். அப்போதும் விரால் மட்டும் தப்பித்துவிடும். அதற்குத் தலையில் செவுளுக்கு மேலே காற்றை அடைத்து மூச்சுவிட ஓர் அறை உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும் மீன் அது.

நம் பள்ளத்தாக்குக்கு ஒரு பாக்கியம் உண்டு. 1895இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. முல்லைப் பெரியாற்றின் வாய்க்கால்களில் புதுத்தண்ணீர் வரும்போது கெண்டைகள் ஓட்டத்தை எதிர்த்து ஏறுவதை வயற்காட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஓடிவரும் தண்ணீர் அடித்து நுரைக்கும்போது காற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மீனாட்சிபுரம் போன்ற கண்மாய்களுக்கு மழையும் சிற்றாறுகளும்தான் தண்ணீர் தருகின்றன. வரத்து வாய்க்கால் அடைபட்டால் புதுத்தண்ணீரும் இல்லை, புதுக் காற்றும் இல்லை.

இனி தூண்டிலோடு புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரும்பாலான கண்மாய்களில் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விடுவார்கள். குத்தகைக்கு எடுத்தவர் பணம் போட்டுக் குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவதுதான் முறை. சின்ன மீன் மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விடுங்கள். காய்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துபோகும். நோய்க்கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது அந்த வழுவழுப்புதான். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். நீர்க்காகமும் கொக்கும் கால் சிக்கிச் சாகின்றன. ஈயக்குண்டைப் பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கினால் அது விஷம். அதற்குப் பதில் ஒரு சிறிய இரும்பு நட்டைக் கட்டினால் போதும்.

உங்கள் ஊர்க் கண்மாயில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் வாய் மேலே திறக்கிறதா, கீழேயா? பக்கக்கோடு முழுசாக ஓடுகிறதா, உடைந்திருக்கிறதா? மீசை உண்டா? படம் வரைந்து, உங்கள் ஊரில் அந்த மீனுக்கு வழங்கும் பெயரையும் கண்மாயின் பெயரையும் சேர்த்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். விடிகாலையில் மீன்கள் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடமும் குத்தகைக்காரரிடமும் சொல்லுங்கள். புதுத்தண்ணீர் திறந்துவிட்டால் அந்த மீன்களைக் காப்பாற்ற முடியும்.